கேட்பாய் கூழ்

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று ஒரு கேலி உண்டு. என் கைப்பேசியைத் திறந்து பார்ப்பவர்கள் அந்தக் கேலியை எனக்காகவே சொன்னதாக நினைத்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பதெல்லாம் இலவசச் செயலிகள். மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்டுவது ஒன்று. தரையில் வைத்தால் மட்டம் சரியா என்று சொல்வது ஒன்று. இலையைப் படம் எடுத்துக் காட்டினால் என்ன செடி என்று சொல்லும். வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தால் தலைக்கு மேல் நிற்கிற நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லும். ஓசி என்பதற்காக மட்டும் வைத்திருக்கிறேன் என்று சொல்ல முடியாது. சும்மா இருக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு மயக்கம் இருக்கிறது. நட்சத்திரச் செயலிக்கு இருட்டே தேவையில்லை, வெயிலிலும் காட்டும். பட்டப்பகலில் நட்சத்திரம் பார்க்கிற ஆள் நான்.

"இத்தினி ஆப்பு வெச்சிக்கினு இருக்கீங்களே, ஒரு நாளு எல்லாம் சேர்ந்து உங்களுக்கே ஆப்பு வெக்கப் போவுது பாருங்க" என்பாள் என் மனைவி. அவள் அதைச் சொல்லி நான் காதால் கேட்டது சில வருடங்களுக்கு முன்பு. இப்போது எனக்குக் காது கேட்காது.

வீடு விழுப்புரத்தில். வேலை திண்டிவனத்தில், ஒரு இன்ஜினியரின் ஆபீசில் வீடுகளுக்குப் பிளான் வரைவது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கோடு போடும் வேலைக்குக் கண்ணும் கையும் போதும் என்பதால், காது போன பிறகும் வேலை போகவில்லை. காலையில் ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்ததும், ரயில் எங்கே போகிறது என்று காட்டும் செயலியைத் திறந்துகொள்வேன். ஒரு கோடு, கோட்டின் மேல் ஊர்ப்பெயர்கள், அதில் ஊர்ந்து போகும் ஒரு சின்னப் புள்ளி. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம். அந்தப் புள்ளிக்குள்தான் நானும் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். வெளியே கரும்பும் நெல்லும் சத்தமே இல்லாமல் பின்னால் நகரும். கேட்காத காதோடு ரயிலில் போவது ஒரு தனி அனுபவம். ரயில் ஓடுவது போலவே இருக்காது. ரயில் நின்றுகொண்டிருக்க, யாரோ நிலத்தைப் பாய் சுருட்டுகிற மாதிரி மெல்ல இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். முண்டியம்பாக்கத்தில் கரும்பாலை ஓடுகிற மாதங்களில் அந்தக் காய்ச்சிய வாடை உள்ளே வரும். வாடையை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொள்வேன். இறங்கும் ஊர் நெருங்கினால் கைப்பேசி சட்டைப்பையில் அதிர்ந்து எழுப்பிவிடும். அதுவும் ஓசிதான்.

இன்னொரு செயலி இருக்கிறது. எந்தப் பறவை கூவுகிறது என்று கேட்டுப் பெயரும் படமும் காட்டுவது. விடியற்காலையில் மொட்டை மாடிக்குப் போய் அதைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு நிற்பேன். திரையில் குயில் வரும். கொஞ்ச நேரத்தில் செம்போத்து வரும். தவிட்டுக்குருவி வந்து வந்து போகும். என்னைச் சுற்றி ஒரு அணுவும் அசையாதது போல இருக்கும், ஆனால் திரையில் ஒரே கச்சேரி. காது கேட்காதவனுக்குக் குயில் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மனைவியும் கேட்டாள். குயில் இன்னும் கூவுகிறது என்று தெரிந்தால் போதும் எனக்கு. அது நின்றுவிடவில்லை, நான்தான் கேட்கவில்லை என்று தெரிவதில் ஒரு நிம்மதி.

காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் சொற்களின் ஓரம் மழுங்கியது. 'பால்' என்றால் 'கால்' என்று கேட்டது. டாக்டர் பரிசோதித்துவிட்டு நரம்பு பலவீனம் என்றார். சத்தம் கேட்கும், சொல் கேட்காது, போகப்போகச் சத்தமும் குறையும் என்றார். காதில் மாட்டும் மெஷின் வாங்கினோம். அது வீட்டில் இருந்த எல்லாச் சத்தத்தையும், மின்விசிறி, தட்டு, தெருவில் போகும் ஆட்டோ என்று வாரிக்கொண்டு வந்து காதுக்குள் கொட்டியது. அவள் பேச்சை மட்டும் எங்கேயோ வழியில் போட்டுவிட்டு வந்தது. கொஞ்ச நாளில் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

என் மனைவிக்குப் பிறந்த ஊர் காணை. விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் ஏறினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். அந்தப் பக்கத்துப் பேச்சு அவளுக்குக் கொஞ்சமும் மாறவில்லை. எல்லாவற்றிலும் ஒரு 'கினு' இருக்கும். வந்துகினு, போய்க்கினு, துன்னுகினு. வாய் ஓயாது. பால்காரன் தாமதமாக வந்தது, எதிர் வீட்டு நாய் இவளைப் பார்த்து மட்டும் குரைக்காதது, கனவில் செருப்பு தொலைந்தது, குழம்பில் புளி கூடிப்போனது என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் பாதியைக் காதில் வாங்காமல் 'ம்' கொட்டிக்கொண்டு வரைந்துகொண்டிருப்பேன். கேட்காமல் 'ம்' கொட்டலாம் என்கிற அந்த வசதி, கேட்கிற காது இருக்கிறவனுக்குத்தான்.

காது போனதும் அவள் முதலில் கத்திப் பார்த்தாள். கத்தினால் கோபம் மட்டும்தான் முகத்தில் தெரியும், சொல் தெரியாது. பிறகு கையால் பேச ஆரம்பித்தாள். சாப்பாடு என்றால் வாய்க்கு நேரே ஐந்து விரல். தண்ணீர் என்றால் கட்டைவிரல். வீட்டுக்குத் தேவையானதெல்லாம் கையால் சொல்லிவிட முடிந்தது. ஆனால் கனவில் செருப்பு தொலைந்ததைக் கையால் எப்படிச் சொல்வது? எதிர் வீட்டு நாயைப் பற்றிக் கையால் எப்படிக் குறை சொல்வது? தேவையான பேச்சு தங்கிவிட்டது, தேவையில்லாத பேச்சு போய்விட்டது. அந்தத் தேவையில்லாத பேச்சுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு வாயசைப்பது பக்கவாட்டில் தெரியும். யாரிடம் பேசுகிறாளோ என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பொறாமையாகக்கூட இருக்கும், குழம்பின் மேல்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் ரயிலில், வழக்கம் போல ஓசியில் என்ன கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தபோது, பேசுவதைக் கேட்டு எழுதிக் காட்டும் செயலி கண்ணில் பட்டது. இறக்கிக்கொண்டேன். ஆபீசுக்குப் போனதும் இன்ஜினியர் முன்னால் நீட்டினேன். அவர் எப்போதும் பாடம் நடத்துகிறவர் மாதிரி நிறுத்தி நிதானமாகப் பேசுவார். "கிழக்குப் பக்கம் ஜன்னலை இன்னும் ஒரு அடி தள்ள வேண்டும்" என்று திரையில் எழுத்தெழுத்தாக வந்து நின்றது. ஒரு ஜன்னலுக்காகக் கண் கலங்கியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் பார்த்துவிடக் கூடாதே என்று ஜன்னலைத் தள்ளுவதற்கு உடனே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் ரயில் ஊர்ந்தது. புள்ளி நகரவே இல்லை. இனி எல்லாம் கேட்கலாம், நாயைப் பற்றிக் கேட்கலாம், செருப்பைப் பற்றிக் கேட்கலாம் என்று மயிலத்திலிருந்தே மனசு முன்னால் ஓடிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முன்னால் நீட்டி, "பேசு, எதையாவது பேசு" என்றேன். அவள் என்னையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேசினாள். திரையில் வந்தது இது:

"ஏங்க என்ன பண்ணி கனி இருக்கீங்க நான் வேலை பார்த்து கனி இருக்கேன்."

'கினு' அதற்குத் தெரியவில்லை. அது இருந்த இடத்திலெல்லாம் கனியைப் போட்டுவிட்டது. நான் சிரித்துவிட்டேன். "உன் பேச்சுல பழமா கொட்டுது பாரு" என்றேன். அவளும் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு அவள் நிறையப் பேசினாள். கடைக்குப் போய் கனி வந்தாள், வழியில் யாரையோ பார்த்து கனி நின்றாள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துச் சொல் மல்லாட்டை. அதை மல் ஆட்டம் என்று எழுதி, அரை கிலோ மல் ஆட்டம் வறுத்ததாகச் சொன்னது. திரை முழுக்கப் பழமும் குஸ்தியுமாக இருந்தது. அதற்குள்ளிருந்து அவள் சொல்ல வந்ததை நான் பொறுக்கி எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து ஏதோ கேட்டாள். கைப்பேசி மேசைமேல் இருந்தது. திரையைப் பார்த்தேன்.

"கேட்பாய் கூழ் ஊத்தட்டா."

கேப்பை என்றால் எங்களுக்குக் கேழ்வரகு. கேப்பக் கூழு ஊத்தட்டா என்றுதான் கேட்டிருக்கிறாள். பேச்சில் 'கேப்ப' என்றால் 'நீ கேட்பாய்' என்றும் ஆகுமல்லவா, செயலி தன் புத்திசாலித்தனத்தைக் காட்டித் திருத்திவிட்டது. நான் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்பாய். இத்தனை டாக்டரைப் பார்த்தும் ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை. அவள் சொம்போடு வந்து நின்று, ஊற்றவா வேண்டாமா என்று புருவத்தால் கேட்டாள். ஊற்று என்று தலையாட்டினேன். கூழுக்கு வைத்த வெங்காயத்தைக் கடித்துச் சமாளித்தேன்.

ஆனால் அந்தச் சந்தோஷம் வெகுநாள் நிற்கவில்லை. தன் வாயிலிருந்து போவது ஒன்று, திரையில் வருவது வேறு ஒன்று என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். அவள் பேசிவிட்டு எட்டிப் பார்ப்பாள். முகம் சுருங்கும். மறுபடி பேசுவாள். மறுபடி கனி. செய்தி வாசிக்கிறவர்கள் பேசினால் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுகிறது என்று டிவியில் வைத்துப் பார்த்துவிட்டாள். அதிலிருந்து அவளும் செய்தி வாசிக்க ஆரம்பித்தாள். "நீங்கள் குளித்துவிட்டீர்களா" என்றாள். "நான் கடைக்குச் செல்கிறேன்" என்றாள். விறைப்பாக நின்றுகொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு. திரையில் எல்லாம் சுத்தமாக வந்தது. எனக்கோ யாரோ ஊர் பேர் தெரியாத ஒரு பெண் என் வீட்டில் குடிவந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு நாள் நான் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், கைப்பேசியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். புத்தகத் தமிழில் எப்படித் திட்டுவது? "நீங்கள் ஏன் இவ்வாறு" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் போகவில்லை. பிறகு கடகடவென்று எதையோ கொட்டித் தீர்த்தாள். திரையில் வந்தது அரையும் குறையும்தான், ஆனால் கடைசி வரி மட்டும் புரிந்தது.

"நான் பேசறது தமிழ் இல்லையா."

அதற்குப் பிறகு அவள் அந்தச் செயலியிடம் பேசவில்லை. நான் நீட்டினால் கையால் ஒதுக்கிவிடுவாள். பழையபடி ஐந்து விரலும் கட்டைவிரலும் வந்தன. முன்பைவிட வீடு அமைதியாகிவிட்டது. முன்பெல்லாம் குழம்பிடமாவது பேசுவாள். இப்போது அடுப்படியில் நிற்கும்போதும் அவள் வாய் அசையவில்லை. என்னிடம் மட்டும் பேச்சு நின்றது போய், பேச்சே நின்றுவிட்டதோ என்று பயமாக இருந்தது. ராட்சசி, ரெண்டு வார்த்தை திட்டக்கூட மாட்டேன் என்கிறாளே என்று கோபமாகவும் இருந்தது. பறவைச் செயலியைச் சமையலறையில் வைத்துப் பார்க்கலாமா என்றுகூட ஒரு காலைப்பொழுதில் தோன்றியது. அவள் பெயர் திரையில் வந்து நின்றால், இன்னும் கூவுகிறாள் என்று தெரிந்துகொள்ளலாமே.

அது பங்குனி மாதத்து ஒரு சனிக்கிழமை. ஆபீஸ் அரை நாள்தான். திண்டிவனம் ஸ்டேஷனில் வேப்பமரத்து நிழலில் பெஞ்சில் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருந்தேன். வெயிலில் தண்டவாளம் நெளிந்தது. தூக்கம் பாதி, விழிப்பு பாதி. சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. மனைவியிடமிருந்து செய்தி. வழக்கமாக அவள் எதையும் எழுதமாட்டாள், காய்கறி தீர்ந்துவிட்டால் வெறும் கூடையைப் படம் எடுத்து அனுப்புவாள். இது எழுத்தில் இருந்தது. அவள் போனிலும் நான் போட்டுக் கொடுத்திருந்த அதே செயலியில் மைக்கை அழுத்திப் பேசியிருக்கிறாள்! இத்தனை நாள் கழித்துப் பேசியிருக்கிறாள். ஆசையோடு திறந்தேன்.

"ஏங்க நான் காணாம போறேன் சாவி பக்கத்து வீட்டில் கொடுத்து கனி போறேன் தேட வேணாம் கேட்பாய் கூழ் இருக்குது."

படித்தேன். மறுபடியும் படித்தேன். கனியை 'கினு' என்று தானாகவே திருத்திப் படித்தது மனசு. கேட்பாயைக் கேப்பை என்று திருத்திக்கொண்டது. அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்தத் தோன்றவில்லை. கொஞ்ச நாளாக உள்ளுக்குள் நான் பயந்துகொண்டிருந்த சொல் அதுவாக இருந்ததால், அதை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன். காணாமல் போகிறேன். தேட வேண்டாம். போகிறவள் கூழ் கரைத்து வைத்துவிட்டுப் போகிறாளே என்று நினைத்தேன். அவள் அப்படித்தான் செய்வாள்.

அழைத்துப் பார்த்தேன். மணி அடிக்கிறது என்று திரை சொன்னது. எடுக்கவில்லை. எங்கே இருக்கிறாய் என்று எழுதி அனுப்பினேன். பார்க்கவில்லை. காணையில் இருக்கும் மச்சானுக்கு, அதாவது அவள் அண்ணனுக்கு எழுதலாமென்றால் அவரிடம் இருப்பது பட்டன் போன், வரும் செய்தியைத் திறந்தே பார்க்கமாட்டார். ரயில் வந்தது. ஏறினேன். புள்ளி நகர ஆரம்பித்தது. வெளியே எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது, கரும்பு, நெல், வரப்பில் ஒரு கொக்கு. ஆனால் அன்றைக்கு முதல் தடவையாக அந்த நிசப்தம் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. அவள் இல்லாவிட்டால் இனி எல்லாப் பக்கமும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. புள்ளியை விரலால் தள்ளிப் பார்த்தேன். சிறுபிள்ளைத்தனம்தான், ஆனால் தள்ளினேன்.

தெருவில் நுழைந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். கைப்பேசியை நீட்டினேன். அவள் மறுபடி சொன்னாள். திரையில் வந்தது:

"அக்கா காணாம போயிருக்காங்க அண்ணா நாளைக்கு காலையில வந்துடுவாங்க."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் காணாமல் போய்விட்டாள் என்பதை இவள் எப்படி இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்கிறாள்? காணாமல் போகிறவர்கள் நாளைக்குக் காலையில் வந்துவிடுவார்களா? நான் அப்படியே நிற்பதைப் பார்த்து அவள் கையை மேற்குப் பக்கம் நீட்டி, ஒரு செடியைப் பிடுங்குவது போலவும் அதிலிருந்து காய் ஆய்வது போலவும் செய்து காட்டினாள்.

மல்லாட்டை. காணை. காண போறேன்.

இந்தச் செயலிக்குக் காணை என்று ஒரு ஊர் இருப்பது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் காணாமல் போவது ஒன்றுதான். மச்சான் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்ததால் அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. தேட வேண்டாம் என்று அவள் சொன்னதும் சாவியைத்தான். பேசுவதை எழுதும்போது அது முற்றுப்புள்ளி வைப்பதில்லை, எது எங்கே முடிகிறது என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் வாசற்படியில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

வீட்டைத் திறக்கக்கூட இல்லை. காணை போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மறுநாள் காலைவரை பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அந்தச் செயலியின் உள்ளே புகுந்து துழாவினேன். நமக்கு வேண்டிய சொற்களை நாமே அதற்குக் கற்றுக்கொடுக்க ஓரிடம் இருந்தது. இத்தனை நாள் ஓசிச் சாமான்களை மேய்ந்தவனுக்கு இது கண்ணில் படவில்லை பாருங்கள். முதலில் காணையைச் சேர்த்தேன். பிறகு கினு. வந்துகினு, போய்க்கினு, பேசிக்கினு, தேடிக்கினு, துன்னுகினு. மல்லாட்டை. ஜல்தி. பேஜாரு. இன்னா. அவள் பேச்சை நினைத்து நினைத்துச் சேர்த்தேன். ஒவ்வொரு சொல்லையும் தட்டும்போது அவள் குரல் அந்தச் சொல்லில் எப்படி ஏறி இறங்கும் என்பது ஞாபகம் வந்தது. காது போய் இத்தனை நாளில் அவள் குரலை நான் மறக்கவில்லை என்பது அந்தப் பஸ்ஸில்தான் எனக்குத் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரும்புச் சோகை எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது.

கொல்லையில் பிடுங்கிப் போட்ட செடிகளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் அவள். கை தன்பாட்டுக்கு ஆய, வாய் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன். எத்தனை நாளாயிற்று அந்த வாய் அப்படி ஓடிப் பார்த்து. தலையைச் சாய்த்து, கண்ணை உருட்டி, ஒரு கையால் காற்றில் எதையோ விரட்டினாள். எதிர் வீட்டு நாய் கதைதான். நான் கேட்காமலே தெரிந்துகொண்டேன். பேச்சு நிற்கவில்லை, இங்கே வந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்த்ததும் சந்தோஷமும் வந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வந்தது.

மச்சான்தான் முதலில் என்னைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். அவள் திரும்பினாள். எழுந்து, மடியில் இருந்த காயைத் தட்டிவிட்டு வேகமாக வந்தாள். என்ன ஆயிற்று என்று முகத்தில் பதற்றம். நான் அவள் அனுப்பிய செய்தியைத் திறந்து அவள் கண்ணுக்கு நேரே காட்டினேன். படித்தாள். வாய் பிளந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு போய் எல்லாரிடமும் காட்டினாள். பெண்கள் எல்லாரும் செடிமேல் சாய்ந்து சாய்ந்து சிரித்தார்கள். அவ்வளவு பெரிய சிரிப்பை நான் சத்தமில்லாமல் பார்த்தேன், கனவில் பார்க்கிற மாதிரி.

திரும்பி வந்தபோது அவள் சிரிப்பு அடங்கியிருந்தது. மண் அப்பிய விரலால் கைப்பேசியை என்னிடம் கொடுத்தாள். பேச்சை எழுதும் செயலியைத் திறந்து அவள் பக்கம் நீட்டினேன். ஒதுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டாள். நான் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்திலேயே இருந்தது. நெஜமாவே காணாம போனா தேடுவீங்களா என்று கேட்கிறாள். பிறகுதான் குனிந்து பார்த்தேன். புதிதாகக் கற்றுக்கொண்ட ஊரை மறக்காமல், அது எழுதியிருந்தது:

"நிஜமாவே காணை போனா தேடுவீங்களா."

"தேடிக்கினுதான வந்தேன்" என்றேன்.

அதையும் அது எழுதியது. 'தேடிக்கினு' என்று எழுதியது. கனி இல்லை. அவள் குனிந்து பார்த்தாள். நம்பாமல் இன்னும் குனிந்தாள். அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள், மண் ஒட்டிக்கொண்டது. பிறகு சோதித்துப் பார்க்கிறவள் போலக் கைப்பேசிக்கு மிக அருகில் வாயைக் கொண்டுபோய் மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க இத்த இது எழுதிக்கினு இருக்குது."

எழுதிக்கினுதான் இருந்தது. சொன்னது சொன்னபடி. அவள் அதை அங்கேயே நின்று எத்தனையோ தடவை படித்தாள். பள்ளிக்கூடத்தில் தவிர வேறெங்கும் தன் வாய்ச்சொல் எழுத்தாகி அவள் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்திலும் இந்தச் சொல்லை அடித்துத்தான் திருத்தியிருப்பார்கள். அதன் பிறகு தொடங்கினாள். பஸ் நெரிசல், அண்ணி வைத்த காரக் குழம்பு, வழியில் செருப்பு அறுந்தது, போன் பையிலேயே கிடந்தது என்று திரை தாங்காமல் மேலே மேலே ஓடியது. படிக்கப் படிக்க அடுத்த வரி வந்து தள்ளியது. நான் 'ம்' கொட்டினேன். ரொம்ப நாளுக்குப் பிறகு பாதியைப் படிக்காமலே 'ம்' கொட்டினேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. தோளில் ஒரு அடி வைத்தாள்.

அன்றிலிருந்து புதுச் சொல் வர வர நான் சேர்த்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது அந்தச் செயலி காணைக்காரியாகவே ஆகிவிட்டது. இன்ஜினியர் பேசுவதைத்தான் சில சமயம் தப்பாக எழுதுகிறது. அவர் ஜன்னலைத் தள்ளிக்கினு போகச் சொன்னதாக ஒரு நாள் வந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். திட்டும் சுத்தமாக வருகிறது, ஈரத் துண்டுக்கு இப்போது முழு வரவேற்பு உண்டு.

ஒரு சொல்லை மட்டும் நான் சேர்க்கவில்லை. அவள் கேட்டாள், இத்த ஏன் இன்னும் தப்பாவே எழுதுது என்று. பார்க்கலாம், சேர்க்கலாம் என்று சொல்லி ஒப்பேற்றிவிட்டேன். காலையில் மாடியிலிருந்து குயிலைப் பார்த்துவிட்டு இறங்கி வருவேன். அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பாள். மேசைமேல் திரையில் வரும்.

"கேட்பாய் கூழ் ஊத்தட்டா."

"ஊத்து" என்பேன்.